கரைக்காவலர் கமலநாதன்

குமுதா பட்டம் விடுவதை நிறுத்தியே தீருவது என்று கமலநாதன் முடிவு கட்டிவிட்டார். பல் துலக்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "இன்னியோட சரி!" என்று கர்ஜித்தார். நுரை கண்ணாடி முழுக்கத் தெறித்தது. அதை அவரேதான் துடைத்தார்.

பட்டம் என்றால் வால் ஒட்டிய காகிதப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கெல்லாம் அவர் ஏன் பல்லைக் கடிக்கப்போகிறார்? இது ஒரு வேனையே மூடிவிடும் அளவுக்குத் துணிப் பட்டம். நீளநீளமாகக் கயிறுகள். இடுப்பில் கச்சை, கச்சையில் கொக்கி, காலுக்கடியில் பலகை. காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் பலகையில் நின்றபடி கடல்மேல் சறுக்கிக்கொண்டு போகவேண்டியது. கைட் சர்ஃபிங் என்று பெயர். போகிறவர் இருபது வயது வெள்ளைக்காரராக இருந்தால் கமலநாதன் கைதட்டியிருப்பார். போவது அவருடைய மனைவி. வயது நாற்பத்தொன்பது. பிரிக்பீல்ட்ஸில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவள்.

வினை அந்தக் கடைக்குள்தான் நுழைந்தது. தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த சிந்து என்ற பெண் ஒருநாள் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, கிழிஞ்சிருக்கு, தைக்க முடியுமா?" என்று விரித்தாள். கடை போதவில்லை. நடைபாதை வரைக்கும் விரிந்தது. குமுதா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "எவ்வளவோ பெரிய சைஸ் தச்சிருக்கேன். இது யாரும்மா போட்டுக்கறது?" என்று கேட்டாளாம்.

தைத்துக் கொடுத்தாள். தையல் தாங்குகிறதா என்று பார்க்க, மோரிப் பக்கத்துக் கடற்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். தான் தைத்த துணி ஆகாயத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் கயிற்றைப் பிடித்தாள். அதற்கடுத்த ஞாயிறு கயிறு அவளைப் பிடித்துக்கொண்டது.

இதில் கமலநாதனுக்கு என்ன நஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை நஷ்டம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வாரம் முழுக்கக் கத்திவிட்டு வரும் மனுஷனுக்கு ஞாயிறு மத்தியானம்தான் சொர்க்கம். வாழையிலை, சுடுசோறு, குமுதா கைப்பட்ட மட்டன் பிரட்டல், ரசம். பிறகு கூரைக் காற்றாடிக்குக் கீழே தூக்கம். பக்கத்தில் குமுதா உட்கார்ந்து, போனில் வந்த சொந்தக்காரர் சேதிகளை எல்லாம் சத்தமாகப் படிப்பாள். அது காதில் விழுந்தால்தான் அவருக்குத் தூக்கமே வரும். ஆனால் கடலில் நல்ல காற்று மத்தியானத்துக்கு மேல்தான் எழும்புமாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிர்பெட்டியில் அவருக்காகக் காத்திருப்பது நேற்றைய சாம்பார்.

"ஏம்மா, அம்பது வயசுல பட்டம் வாங்கறவங்க உண்டு. பட்டம் விடறவங்க உண்டா?"

"நீங்க ரெண்டும் செய்யல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கீழ விழுந்துட்டா?"

"தண்ணிதானே."

"காத்து தூக்கிட்டுப் போயிட்டா?"

"எங்க தூக்கிட்டுப் போகும்?"

"எதிர்த்தாப்ல என்ன இருக்கு? சுமத்ரா!"

"பாஸ்போர்ட்டை எடுத்து ஹேண்ட்பேக்ல வச்சுக்கறேன். போதுமா?"

இப்படிப்பட்டவளிடம் என்ன பேசுவது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மட்டன் பாதிதான். மீதிப் பாதி பயம். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு போய், சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். குமுதா தண்ணீரை விட்டு ஒரு முழம் மேலே எழும்பினாள். அவருடைய நெஞ்சும் ஒரு முழம் எழும்பியது. அவள் இறங்கிவிட்டாள், அது இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார். "உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்" என்று சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை கேட்டிருப்பாள். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்லாததை இப்போது சொன்னால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் அவர் பொதுமக்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அதற்குத் தோதாக ஒன்று நடந்தது. கிள்ளான் கரையோர நண்பர்கள் சங்கத்தின் குடும்ப தினம் அதே கடற்கரையில் நடந்தபோது, யாரோ கற்றுக்குட்டி ஒருவரின் பட்டம் காற்றில் தள்ளாடி வந்து கூடாரத்தின்மேல் விழுந்து, பிரியாணி அண்டாவைப் போர்வை போர்த்தினாற்போல் மூடிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கூச்சல் கிள்ளான் வரை கேட்டது. கடற்கரையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வந்து, "பீச் எல்லாருக்கும் பொது. நீங்க ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு முறை வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கமலநாதனுக்கு அந்தக் கவிழ்ந்த பட்டத்தில் கடவுள் தெரிந்தார்.

ஒரு வாரம் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். பட்டத்தால் வரக்கூடிய ஆபத்து ஒன்று பாக்கியில்லாமல் தெரிந்துகொண்டார். பிறகு சங்கத் தலைவர் ரெங்கசாமியைத் தே தாரே டீ குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ரெங்கசாமி அடுத்த வீட்டுக்காரர். நல்ல மனுஷர், நாக்கு மட்டும் கொஞ்சம் பலவீனம்.

"தலைவரே, விதி போடணும்."

"போடலாம் லா. மீட்டிங்ல நீங்களே எழுந்து சொல்லுங்க, அண்ணே."

கமலநாதன் கிளாஸைக் கீழே வைத்தார். நம் சங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுந்து ஒரு யோசனை சொல்கிறாரோ, கைதட்டி அவர் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிடுவார்கள். குப்பை கிடக்கிறது என்று சொன்னவர் துப்புரவுக் குழுத் தலைவர். மைக் சரியில்லை என்றவர் ஒலிபெருக்கிப் பொறுப்பாளர். எத்தனையோ வருஷமாகச் சங்கத்தில் இருக்கும் கமலநாதன் இதுவரை எந்தக் குழுவிலும் மாட்டாததற்கு ஒரே காரணம், மேடை ஏறினால் "சங்கம் வெறும் சங்கமல்ல, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாததுதான்.

"நீங்க சொல்லுங்க தலைவரே. எனக்குத் தொண்டை சரியில்ல."

"சரி, என்ன விதி?"

"பட்டம் ஏத்தற இடம் தனி, பிக்னிக் தனி. நடுவுல கொடி நடணும். ஆள் இருக்கிற பக்கம் காத்து அடிச்சா பறக்கவே கூடாது. கயிறை மணல்ல போட்டுட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. தனியா ஏத்தக் கூடாது, பிடிச்சு விட ஒருத்தர் வேணும்."

"நல்லாத்தானே இருக்கு."

"கடைசியா ஒண்ணு." கமலநாதன் குரலைத் தாழ்த்தினார். "நம்ம சங்கத்து ஆளுங்க பறக்கணும்னா, குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் முழு நேரமும் கரையில நின்னு பொறுப்பேத்துக்கணும். அவர் இல்லேன்னா பறக்கக் கூடாது."

ரெங்கசாமி யோசித்தார். "உங்க வீட்டுல யாரு நிப்பா?"

"நான்தான் நிக்கணும். எனக்குத்தான் முட்டி வலியாச்சே!"

ரெங்கசாமியின் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் மனைவி சீதாலெட்சுமியும் குமுதாவோடு சேர்ந்து பட்டம் பழகுகிறாள். அவர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சாம்பார்தான். "எனக்கும் இடுப்பு சரியில்ல, அண்ணே" என்றார். இரண்டு கணவர்களும் மேசைமேல் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கூட்டம் நடந்தது. பட்டக்காரர்கள் சார்பில் சிந்து வந்திருந்தாள். ரெங்கசாமி விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "நாங்களே கேட்கணும்னு இருந்தோம் அங்கிள், ரொம்ப நல்லது" என்று தலையாட்டினாள். கடைசி விதி வந்தது. கமலநாதன் ஓரக்கண்ணால் பெண்கள் வரிசையைப் பார்த்தார். இப்போது எழுந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தார். குமுதா எழுந்தாள்.

"அருமையான விதி. நான் வழிமொழியறேன்."

கைதட்டல். கமலநாதனுக்கு முதுகில் லேசாக ஒரு ஈரம் ஊர்ந்தது. ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதானே?

வீட்டுக்கு வரும் வழியில் அவளே பேச்செடுத்தாள்.

"நல்ல விதிங்க. யாரு யோசிச்சிருப்பா?"

"ரெங்கசாமி. கெட்டிக்காரர்."

"ஞாயித்துக்கிழமை நீங்க வந்து நிக்கறீங்களா?"

"முட்டி, குமுதா. நிக்கவே முடியல. நான் என்ன வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றேன்?"

"ஐயோ, வேணாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க. நானும் போகல. மட்டன் பிரட்டல் பண்றேன்."

கமலநாதன் அன்று காரை ஓட்டவில்லை. கார் தானாக மிதந்து வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை பாசாருக்குப் போய் நல்ல தொடைக்கறியாகப் பார்த்து வாங்கி வந்தாள். ஞாயிறு காலையிலேயே வீடு மணத்தது. கமலநாதன் வாழையிலையை இரண்டு முறை கழுவி வைத்தார். அடுப்படிக்குள் மூன்று தடவை எட்டிப் பார்த்து மூன்று தடவையும் விரட்டப்பட்டார். அப்போதுதான் போன் அடித்தது.

"தலைவரே!" ரெங்கசாமி குரல்.

"தலைவர் நீங்கதானே?"

"இன்னிக்கு நீங்கதான். கடற்கரைப் பாதுகாப்புத் தொடக்க விழா. பட்டக்காரங்க, பிக்னிக்காரங்க எல்லாரும் காத்திருக்காங்க. நீங்க இல்லாம எப்படி? பேனர்ல உங்க போட்டோ போட்டாச்சு!"

"என் போட்டோவா?" கமலநாதன் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "எந்தப் போட்டோ?"

"பினாங்கு கல்யாணத்துல ஜிப்பா போட்டு எடுத்தது."

அது நல்ல போட்டோ. பாதி வழுக்கை நிழலில் மறைந்திருக்கும்.

"மாலை உண்டா?"

"ரோஜா மாலை. பிரிக்பீல்ட்ஸ்ல சொல்லிக் கட்டினது. ஜரிகை போட்ட பொன்னாடை வேற. போட்டோகிராபர்கூட வந்தாச்சு."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தும்போது கமலநாதன் கீழே நின்று கைதட்டியிருக்கிறார். அவர் தோளில் ஒன்றுகூட விழுந்ததில்லை. முட்டிவலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"முட்டி வலின்னீங்களே?" என்றாள் குமுதா கரண்டியோடு வந்து.

"அரை மணி நேர விழாம்மா. போனோம், போட்டோ எடுத்தோம், வந்தோம். வந்து சூடா சாப்பிடலாம்."

"அப்ப நானும் துணைக்கு வரேன். நீங்க ஜிப்பா மாத்துங்க. சீதா புறப்பட்டாச்சான்னு பார்த்துட்டு வந்துடறேன்." கையில் ஒரு பையோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கமலநாதன் கண்ணாடி முன்னால் நின்று, மாலைக்குத் தலை குனிவது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் ஏற்பாடு பிரமாதம். சிவப்புக் கொடி ஒரு பக்கம், மஞ்சள் கொடி ஒரு பக்கம், நடுவில் கயிறு. பேனரில் ஜிப்பாவும் நிழலும். சீதாலெட்சுமி மைக் பிடித்தாள். "இந்த விதிகளை எல்லாம் இரவு பகலாகச் சிந்தித்து உருவாக்கிய சிந்தனைச் செம்மல் கமலநாதன் அவர்களுக்கு..."

கமலநாதன் திடுக்கிட்டு ரெங்கசாமியைப் பார்த்தார். ரெங்கசாமி வானத்தைப் பார்த்தார்.

மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. கேமரா மின்னியது. பொன்னாடைமேல் ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றை மாட்டினார்கள். மாலைமேல் ஒரு விசில். "நம் சங்கத்தின் முதல் கரைக்காவலர்! பட்டம் பறக்கிற ஒவ்வொரு ஞாயிறும் இவர் கரையில் நின்று காப்பார்!" கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மாலையைப் போட்டுக்கொண்டு மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். நம் ஆட்களுக்கு அது வராது. கமலநாதனும் கும்பிட்டார்.

கும்பிட்டு நிமிர்ந்தால், எதிரே குமுதா. சுடிதாருக்கு மேல் கச்சை, கொக்கி. தலையில் ஹெல்மெட்.

"சிந்து, குடும்பத்துப் பெரியவர் கரையில நிக்கறாரு. விதிப்படி சரியா?"

"ரொம்பச் சரி, அக்கா."

"குமுதா!" கமலநாதன் பல்லைக் கடித்தார். "இது உன் வேலையா?"

"விதி உங்களுது. நான் வழிமொழிஞ்சேன், அவ்வளவுதான். பட்டத்தைப் பிடிங்க. நான் கட்டை விரல் காட்டினா விடணும்."

பிடித்தார். பட்டம் துள்ளியது. மாலை முகத்தில் அறைந்தது.

"கொக்கி மாட்டியாச்சா?" என்று கத்தினார்.

"ஆச்சு!"

"அவசரத்துக்கு இழுக்கற சிவப்புப் பிடி? கை எட்டுதா? தொட்டுக் காட்டு!"

"எட்டுதுங்க!"

"ஹெல்மெட் பட்டி?"

"இருக்கு! விடுங்க!"

"கயிறு முறுக்கிக்கல? எனக்காக இன்னொரு தடவை பாரு."

"காத்து போயிடும்ங்க!"

"போகட்டும்!"

ஆனால் காற்றும் அவள் பக்கம்தான். கட்டை விரல் உயர்ந்தது, அவர் விட்டார். பட்டம் விர்ரென்று ஏறியது. குமுதா பலகையில் எழுந்து நின்று வெயிலுக்குள் போய்விட்டாள். எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த கமலநாதனுக்கு நடுவில் ஒரு நிமிஷம் எரிச்சல் மறந்துபோயிற்று. என்ன அழகாக நிற்கிறாள்! அடுத்த நிமிஷம் அவள் ஒரு முழம் எழும்பினாள். எரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, அப்போதுதான் காரில் வந்து இறங்கிய ஒரு பெரிய குடும்பம், பட்டம் இறங்கும் இடத்துக்கு நட்டநடுவில் பாய் விரித்தது. கமலநாதன் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். முட்டி கூடவே ஓடியது.

"அண்ணே, இங்க உட்காரக் கூடாது. கொடிக்கு அந்தப் பக்கம் போங்க."

"இது பப்ளிக் பீச் லா, பாஸ். நீங்க யாரு? மாலையெல்லாம் போட்டுக்கிட்டு?"

"பப்ளிக் பீச்தான். அதனாலதான் சொல்றேன். அதோ பறக்குதே, யாரு தெரியுமா?"

"யாரு?"

"என் பொண்டாட்டி. நான் சொன்னாக் கேட்கமாட்டா. காத்து திரும்பினா நேரா உங்க நாசி லெமாக் சோத்து மேலதான் இறங்குவா."

அந்த மனுஷர் கடலைப் பார்த்தார், கமலநாதனைப் பார்த்தார். அவரும் கல்யாணமானவர்தான் போலிருக்கிறது. மறு பேச்சில்லாமல் பாயை நாலு மூலையும் பிடித்துச் சாப்பாட்டோடு தூக்கிக்கொண்டு கொடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மூச்சு வாங்கித் திரும்பினால், சீதாலெட்சுமி ஹெல்மெட்டோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சங்கத்துப் பெண்கள் வரிசை. ஆளுக்கொரு கச்சை.

"அண்ணே, என் பட்டத்தையும் பிடிங்க."

"அதெல்லாம் முடியாது. விதி! உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"அவருக்கு இடுப்பு வலின்னு மாலை போட்ட கையோட வீட்டுக்குப் போயிட்டாரு. விதியில குடும்பத்துப் பெரியவர்னுதானே இருக்கு? நாமெல்லாம் ஒரே குடும்பம்னு எல்லா மேடையிலயும் நீங்கதானே அண்ணே பேசுவீங்க?"

வரிசை முழுக்கத் தலையாட்டியது. கமலநாதன் வாயைத் திறந்தார். தான் பேசியதையெல்லாம் ஒருதரம் நினைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு பட்டத்தைப் பிடித்தார்.

ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கியது. ஒருத்திக்குக் கொக்கியைப் பார்த்தால் இன்னொருத்தி கயிற்றை மணலில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்தது. ரோஜா உதிர்ந்து மாலை வெறும் நார் ஆயிற்று. வயிறு மட்டன், மட்டன் என்று அடித்துக்கொண்டது. ஒருவழியாகக் குமுதாவின் பட்டத்தை எட்டிப் பிடித்து மணலில் கவிழ்த்தார். அவள் நனைந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க கரையில நிக்கறீங்கன்னு தெரிஞ்சா எனக்குப் பயமே இல்லைங்க."

கமலநாதன் கவிழ்ந்த பட்டத்தின்மேல் மணலை அள்ளிப் போட்டார். "எனக்கு இருக்கு" என்றார். சொல்லிவிட்டார்! நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை அவள். ஈரக் கையால் அவர் விசிலை நேராக்கிவிட்டாள்.

"சரி, வா போகலாம். மட்டன் ஆறிடும்."

குமுதா எதையோ தேடுவதுபோல் மணலைப் பார்த்தாள்.

"மட்டன் எங்க, குமுதா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் கூவியது. ரெங்கசாமி குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பின்னால் காற்றாடி சுற்றுகிற சத்தம். பெரிய ஏப்பம் ஒன்று. பிறகு தூக்கம் வழியும் குரல்:

"தலைவரே, சீதாவைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, நான் படுக்கறேன். அந்த யோசனை உங்களுதுன்னு சொன்னதுக்கா குமுதா தங்கச்சி ஒரு சட்டி மட்டன் பிரட்டல் குடுக்கணும்? அடுத்த ஞாயித்துக்கிழமை மட்டும் காரம் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க."